பேரிடர் மேலாண்மை படிக்கலாமா? டெல்டா வாசகர்களின் கேள்விகள்

பட்டப்படிப்பாகப் பேரிடர் மேலாண்மையைத் தேர்ந்தெடுப்பது பற்றி நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. இந்தப் பாடத்தைக் கற்பிப்பவர்களும் களத்தில் பணியாற்றுபவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கே: கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் (என்.டி.ஆர்.எஃப்.) வேலை செய்ததைப் பார்த்தேன். அந்தப் படையில் சேர்வதற்காகவே எம்.ஏ. பேரிடர் மேலாண்மை படிக்க நினைக்கிறேன். சரியான வழிதானா?
– பி.எஸ்சி. புவியியல் இறுதியாண்டு மாணவி, வேதாரண்யம்

ப: இல்லை. அந்தச் சீருடைக்கும் இந்தப் பட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. என்.டி.ஆர்.எஃப். என்பது சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களை அயல்பணியில் எடுத்து, பயிற்சி கொடுத்து அமைத்த படை. நம் பக்கம் வருவது அரக்கோணத்தில் இருக்கும் 4-வது பட்டாலியன். அங்கே போக வேண்டுமானால் முதலில் ஏதாவது ஒரு மத்தியப் படையில் சேர வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் கான்ஸ்டபிள் தேர்வு, பட்டதாரிகளுக்கு சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு, அதற்கு மேல் யு.பி.எஸ்.சி.யின் உதவி கமாண்டன்ட் தேர்வு. வயது வரம்பு இருபதுகளின் நடுவிலேயே முடிந்துவிடும். இரண்டு வருடம் எம்.ஏ. படித்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் வண்டி போயிருக்கும். சீருடைதான் ஆசை என்றால் இப்போதே உடற்தகுதிக்கும் தேர்வுக்கும் இறங்குங்கள்.

பட்டம் வேறு வேலைக்கு. புயல் வருவதற்கு முன்னால் எந்தக் குடியிருப்பை எங்கே நகர்த்துவது, முகாமுக்கு எவ்வளவு தண்ணீர், எந்தச் சாலை முதலில் மூழ்கும், சேதக் கணக்கெடுப்பில் யார் விடுபடுகிறார்கள் என்பதையெல்லாம் திட்டமாக எழுதி, ஒத்திகை பார்த்து, திருத்துகிற வேலை அது. முக்கால்வாசி மேசை, கால்வாசி களம். இதற்கு ஆள் எடுப்பவர்கள் தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், மாநில ஆணையங்கள், திட்ட ஆலோசனை நிறுவனங்கள், பெரிய ஆலைகள், மருத்துவமனைகள். பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் 'பேரிடர் மேலாண்மை வட்டாட்சியர்' என்று பலகை பார்த்திருப்பீர்கள். அந்த நாற்காலிக்குப் போவது வருவாய்த் துறை வழியாக, அதாவது டி.என்.பி.எஸ்.சி. வழியாக. 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவரே கலெக்டர்தான்.

இத்தனைக்கும் பிறகும் ஆர்வம் இருந்தால், உங்களிடம் நல்ல முதல் இருக்கிறது: புவியியல். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் ஆய்வுக்கென்றே தனிப் பள்ளி உண்டு, சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பிரிவு வழியாக. அதன் அறிவிப்பு டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும், பருவத் தேர்வு மும்முரத்தில் தவறவிடாதீர்கள். வெளியூர் வேண்டாம் என்றால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறையில் (செயற்கைக்கோள் படங்களை ஆராயும் துறை) என்னென்ன படிப்புகள் இருக்கின்றன என்று விசாரியுங்கள். பெயரில் 'பேரிடர்' இல்லாவிட்டாலும் வெள்ள வரைபடம் போடத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் முதல் அழைப்பு.

கே: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். 'ஃபயர் அண்ட் சேஃப்டி, டிசாஸ்டர் மேனேஜ்மென்ட்' என்று ஒரு வருடப் படிப்புக்கு ஏஜென்ட் ஒருவர் வந்து பேசுகிறார். வளைகுடாவில் வேலை நிச்சயம் என்கிறார். சேர்க்கலாமா?
– விவசாயி, மன்னார்குடி

ப: பணம் கட்டுவதற்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள். சான்றிதழைத் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதன் பெயர் யு.ஜி.சி. இணையதளத்தில் இருக்கிறதா? பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா? நீர் பாய்ச்சுவது, ஏணி, மூச்சுக் கருவி என்று கையால் செய்யும் பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த மைதானத்தில்? போன வருடம் முடித்த ஐந்து பேரோடு பேச விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி ஆக அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டம் அல்லது பட்டயமும் ஆலை அனுபவமும் வேண்டும். எந்தக் கடையில் வாங்கிய சான்றிதழும் அதற்குச் செல்லாது. தீயணைப்பில் உண்மையான ஆர்வம் என்றால் நாக்பூரில் மத்திய அரசின் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு தீயணைப்புத் துறைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது; தீயணைப்பாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பே போதும்.

பட்டம்தான் வேண்டும் என்றால் எங்கள் கருத்து இது: இளங்கலையிலேயே பேரிடர் மேலாண்மை வேண்டாம். சிவில், வேளாண்மை, புவியியல், நர்சிங், சமூகப்பணி என்று ஏதாவது ஒரு தொழில் கையில் இருக்கட்டும், பேரிடரை முதுகலையில் அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். முகாமில் 'நான் பேரிடர் மேலாண்மை படித்தவன்' என்று நிற்பவரைவிட 'நான் தண்ணீர் சுத்திகரிப்புப் பார்த்துக்கொள்கிறேன்' என்று நிற்பவருக்குத்தான் வேலை இருக்கும்.

கே: முதுகலைப் பாடத்திட்டத்தில் உண்மையில் என்ன இருக்கும்? எல்லாம் பொது அறிவு மாதிரிதான் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.
– எம்.ஏ. சேரவிருக்கும் மாணவர், மயிலாடுதுறை

ப: அப்படிப் படித்தால் அப்படித்தான் இருக்கும். 'தணித்தல், தயார்நிலை, எதிர்வினை, மீட்சி' என்று நான்கு கட்டங்களை வட்டம் போட்டு வரைந்து, பேரிடர் அபாயத்தைக் குறைக்க உலக நாடுகள் ஏற்ற செண்டாய் கட்டமைப்பின் ஏழு இலக்குகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம்தான். கணக்கில் இறங்கும்போதுதான் பாடம் ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம். கடலோரக் கிராமத்தில் இருந்து 400 பேரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் வெளியிட்ட குறைந்தபட்ச நிவாரணத் தரப்படி ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம் வேண்டும். ஆக மொத்தம் 1,400 சதுர மீட்டர். இருபதுக்கு இருபது அடி வகுப்பறை 37 சதுர மீட்டர். பத்துப் பேருக்கு மேல் அடங்காது. பன்னிரண்டு அறை உள்ள பள்ளியில் தரத்தோடு தங்கக்கூடியவர்கள் 120 பேர்தான். ஆனால் பல திட்டப் புத்தகங்களில் அதே பள்ளிக்கு நேராக '500 பேர்' என்று எழுதியிருக்கும். ஓர் இரவு உட்கார்ந்து கழிப்பதற்கான கணக்கையும் பத்து நாள் படுத்துத் தூங்குவதற்கான கணக்கையும் பிரிக்காமல் எழுதியதன் விளைவு. புயல் இரவுக்கு நெருக்கிக்கொள்ளலாம். மூன்றாம் நாளும் ஜனங்கள் அங்கேயே இருந்தால் இரண்டாவது கட்டடம் எது என்பது திட்டத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, 30 பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் 14. பெண்களுக்குத் தனியாக, விளக்கோடு. குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், குளிக்கவும் கழிப்பறைக்கும் 15 லிட்டர். மொத்தம் நாளைக்கு 7,200 லிட்டர். பள்ளி மாடியில் தொட்டி இருக்கிறது, போர்வெல் இருக்கிறது, மின்சாரம் இருக்காது. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. சரி, ஜெனரேட்டர் வைத்தாயிற்று என்பார்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் எடுக்கும். கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். 1 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) பெட்டி ஜெனரேட்டரில் மாட்டினால் உறுமிவிட்டு நின்றுவிடும். 3 கே.வி.ஏ. கேளுங்கள், கூடவே டீசலுக்கோ பெட்ரோலுக்கோ யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதுங்கள்.

தண்ணீர் வந்துவிட்டால் குளோரின். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் விட்டு, அரை மணி நேரம் கழித்து, மிச்சக் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். பல இடங்களில் காட்டாது. மூட்டை போன வருடத்ததாக இருக்கும், வாய் கட்டாமல் ஈரத்தில் கிடந்திருக்கும், வீரியம் பாதி போயிருக்கும். அதனால்தான் அளவை மனப்பாடம் செய்வதைவிட மிச்சக் குளோரினைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம்.

இன்னொரு முக்கியப் பகுதி ஐ.ஆர்.எஸ். எனப்படும் நிகழ்வு எதிர்வினை முறை. அமெரிக்காவில் கலிபோர்னியாக் காட்டுத்தீக்களின் அனுபவத்தில் பிறந்த முறையை நம் நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி 2010-ல் வழிகாட்டுதலாக வெளியிட்டார்கள். மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பு அலுவலர். அவருக்குக் கீழே இன்சிடென்ட் கமாண்டர். அவருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என்று மூன்று பிரிவுகள். ஒருவருக்கு நேரடியாகக் கீழே ஐந்து பேர் இருப்பது உத்தமம், ஏழுக்கு மேல் கூடாது. மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது தளவாடத்தில்: படகை ஓட்டுவது செயல்பாட்டுப் பிரிவு, படகையும் எரிபொருளையும் படகோட்டிக்குச் சாப்பாட்டையும் கொண்டுவந்து சேர்ப்பது தளவாடப் பிரிவு. இந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டால் வெள்ளத்தன்று மூன்று பேர் படகு கேட்டு ஒரே மீனவர் சங்கத்துக்குப் போன் செய்துகொண்டிருப்பார்கள்.

நிதியையும் விட்டுவிடாதீர்கள். 15-வது நிதிக்குழு (2021-26) வகுத்தபடி மாநிலத்துக்கான பேரிடர் நிதியில் 80 சதவீதம் எதிர்வினைக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு. அந்த எண்பதிலும் உடனடி நிவாரணத்துக்கு 40, புனரமைப்புக்கு 30, தயார்நிலைக்கு 10. பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் இடுபொருள் நிவாரணம் என்ற விதியும் இந்த நிதியின் நெறிமுறையில் வருவதுதான். டெல்டாவில் இதைத் தெரியாமல் பேரிடர் மேலாண்மை பேச முடியாது.

கே: ஆய்வேட்டுக்குச் செயற்கைக்கோள் படங்களை வைத்து எங்கள் பகுதி வெள்ள வரைபடம் போடலாம் என்று இருக்கிறேன். எங்கே தவறு வரும்?
– முதுகலை மாணவர், திருவாரூர்

ப: வயலில்தான் வரும். மழை மேகத்தை ஊடுருவிப் படமெடுக்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் இலவசம், வரைபடம் போடும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசம். வழுவழுப்பான நீர்ப்பரப்பு ரேடாரில் கறுப்பாகத் தெரியும். கறுப்பை எல்லாம் வெள்ளம் என்று வண்ணம் அடித்துவிடுவார்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் நடவு முடிந்த சம்பா வயலில் தண்ணீர் நிற்பது வெள்ளமல்ல, விவசாயம். இப்படி வெள்ளப் பரப்பு ஊதிப்போகும். டிசம்பரில் நேர்மாறு: பயிர் உயர்ந்த பிறகு தண்ணீர் புகுந்தால், தண்டும் நீர்ப்பரப்பும் சேர்ந்து அலையை இரண்டு முறை திருப்பி அனுப்பும், படம் வெளுத்துத் தெரியும். மூழ்கிய வயல் உங்கள் வரைபடத்தில் காய்ந்த வயலாகிவிடும்.

மழைக்குச் சற்று முந்தைய படம் ஒன்றை, அதே பயிர்க் கட்டத்தில், அதே சுற்றுப்பாதையில் எடுத்ததாகப் பார்த்து வைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஏப்ரல் படத்தோடு ஒப்பிடுவது வீண். ஒரு செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்பி வர 12 நாள் ஆகும். இடையில் வடிந்துவிட்ட வெள்ளம் படத்தில் இருக்கவே இருக்காது. ஆகவே தரையில் சரிபார்க்காமல் ஏட்டை ஒப்படைக்காதீர்கள். வீட்டுச் சுவரில் நீர் நின்ற கறையை வாசற்படியில் இருந்து சென்டிமீட்டரில் அளந்து குறியுங்கள். எத்தனை நாள் நின்றது என்று கேட்கும்போது தேதி கேட்டால் குழம்புவார்கள். தீபாவளிக்கு முன்னா பின்னா, கார்த்திகைக்கு வடிந்துவிட்டதா என்று கேளுங்கள். நெல்லுக்கு ஆழத்தைவிட நாள்கணக்கு முக்கியம். சாதாரண ரகம் முழுக்க மூழ்கி ஒரு வாரம் போனால் தேறாது, சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகம் இரண்டு வாரம் வரை தாங்கும். என்ன ரகம் என்று கேட்காத கணக்கெடுப்பு அரைக் கணக்கெடுப்பு.

விண்வெளியில் இருந்து ரேடாரால் அளந்து, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். நில உயரத் தரவை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மாதிரி போடுவது இன்னொரு பொறி. அந்தத் தரவில் பிழை மீட்டர் கணக்கில். தென்னந்தோப்பின் உச்சியையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். டெல்டாவோ கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத நிலம். கம்ப்யூட்டர் காட்டும் ஓடை நிஜத்தில் மேட்டில் ஏறும். அதற்குப் பதில் நீர்வளத் துறைப் பதிவுகளில் ரெகுலேட்டர்களின் (ஆற்றின் குறுக்கே நீரைக் கட்டுப்படுத்தும் மதகுகளின்) அடிமட்ட உயரம் இருக்கும். முறைப்படி கடிதம் கொடுத்துக் கேளுங்கள். கடைமடையில் வடிகால் முகத்துவாரத்துக்குப் போய், ஓதம் ஏறும் நேரத்தில் ஒரு முறை, இறங்கும் நேரத்தில் ஒரு முறை நீர்மட்டம் பாருங்கள். மேலே மழை நின்ற பிறகும் கீழே ஏன் வடியவில்லை என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. மீதி விடை வெங்காயத்தாமரை அடைத்த வடிகாலில். எந்த மதகு எப்போது திறந்தது என்பதை மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான அந்தப் பகுதி லஸ்கரைவிடத் துல்லியமாகச் சொல்ல ஆள் கிடையாது.

களப்பணியை செப்டம்பருக்குள் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கை நாளில் கேமராவோடு ஆற்றங்கரைக்குப் போவது ஆய்வு அல்ல, அங்கே வேலை செய்பவர்களுக்குத் தொல்லை.

கே: 2028 மகாமகத்தை ஆய்வுப் பொருளாக எடுக்கலாமா?
– மாணவி, கும்பகோணம்

ப: தாராளமாக. 1992 மகாமகத்தில் நெரிசலில் சுமார் 50 பேர் இறந்த ஊர் அது; அடுத்தது 2028. ஏற்பாடுகள் முன்பே தொடங்கிவிடும் என்பதால் திட்டமிடும் கட்டத்தையே நீங்கள் பதிவு செய்யலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-ல் வெளியிட்ட கூட்ட மேலாண்மை வழிகாட்டியை முதலில் படியுங்கள். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வரும் தெருக்களின் அகலத்தை, அதுவும் மிகக் குறுகலான இடத்தில், அளந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்பு விதிகளில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது உச்சவரம்பு. மூன்று மீட்டர் படி என்றால் நிமிடத்துக்கு 198 பேர். ஆனால் அது காய்ந்த படிக்கும், காலணி போட்டு ஒரே திசையில் நடப்பவர்களுக்கும். ஈரப் படியில், வயதானவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏறுபவரும் இறங்குபவரும் கலந்து போகும்போது எவ்வளவு குறைகிறது என்பதை மாசிமகத்தன்று வீடியோவில் எண்ணி எடுத்தால் அதுவே உங்கள் சொந்தத் தரவு. சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் கூட்டத்தில் தனி மனிதர் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. அந்தப் புள்ளி எங்கே, எந்த நேரத்தில் வருகிறது என்பதைத் தேடுங்கள்.

கே: கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். வேலையை விடாமல் படிக்க வழி உண்டா?
– பட்டுக்கோட்டை

ப: இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பேரிடர் மேலாண்மை முதுநிலைப் பட்டயம் உங்களுக்குப் பொருந்தும். ஏதாவது ஒரு பட்டம் போதும். ஒரு வருடத்தில் முடிக்கலாம், மூன்று வருடம் வரை இழுக்கலாம். பாடநூல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். எந்தத் தொலைநிலைப் படிப்பாக இருந்தாலும் அந்த வருடத்துக்கு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். போன வருடம் இருந்தது என்பது கணக்கில் வராது. மழைக்காலத்தில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஆகவே டிசம்பர் தேர்வை நம்பாமல் ஜூன் தேர்வுக்குத் திட்டமிடுங்கள்.

கே: வெளிநாட்டில் படித்தால் மதிப்பு அதிகமா?
– பொறியியல் மாணவர், தஞ்சாவூர்

ப: அமெரிக்காவில் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1983-லேயே இதற்கு இளங்கலைப் பட்டம் தொடங்கிவிட்டது. அங்கே கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஒரு எமர்ஜென்சி மேனேஜர் பதவி இருக்கிறது, அந்தப் பதவியை வைத்தே பாடம் அமைந்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு பதவி இல்லை. அங்கேயே வேலை, அல்லது பன்னாட்டு நிறுவனத்தில் தொழில் தொடர்ச்சித் திட்டம் (பேரிடரிலும் நிறுவனத்தின் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது) என்றால் செலவுக்குப் பலன் உண்டு. ஊர் திரும்புவதாக இருந்தால் யோசியுங்கள்.

கே: பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போகிறேன். சுனாமியில் எங்கள் குப்பத்தில் பலர் போனார்கள். பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?
– மீனவ இளைஞர், நாகப்பட்டினம்

ப: உண்டு, தம்பி. ஆப்த மித்ரா என்ற திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையுள்ள தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி: முதலுதவி, நெஞ்சழுத்தம் கொடுத்து உயிர்ப்பித்தல், கயிறு முடிச்சு, நீர் மீட்பு, இடிபாட்டில் தேடுதல். பயிற்சி முடித்தவர்களுக்கு மீட்புக் கருவிப் பை உண்டு. இது சம்பள வேலை அல்ல. உங்கள் மாவட்டத்தில் அடுத்த அணி எப்போது என்று கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். 1077-க்கு அழைத்தாலும் அந்தக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். நீச்சலும் படகும் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் தெருவுக்குள் புகுந்த வெள்ளத்தில் படகு செலுத்துவது கடல்போல இருக்காது: மூழ்கிய வேலிக்கம்பி, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, புரொப்பல்லரில் சுற்றும் வாழைநார். பயிற்சியில் அதைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். படிப்பைத் தொடர விரும்பினால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஓர் இளங்கலையில் சேருங்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளை அதற்கு ஒதுக்கினால் முதல் வருடப் பாடங்களில் பாதி ஓடிவிடும்.